வெயில் தின்ற எரு

முற்றிய கதிர் தலை தொங்கி நிற்கும். எங்கள் வயலில் அது நிமிர்ந்து நின்றது.

இலங்கையின் வடக்கே, வன்னியில், முரசுமோட்டைப் பக்கம், இரணைமடுக் குளத்து வாய்க்காலின் கீழ் எங்களுக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. அந்தச் சிறுபோகத்தில், அதாவது சித்திரையில் விதைக்கிற கோடைப் போகத்தில், உழவு இயந்திரம் கிடைக்கப் பிந்தியது. பக்கத்து வயல் விதைத்து மூன்று கிழமை கழித்துத்தான் நாங்கள் விதைத்தோம். அதே விதைநெல், அதே பசளை, அதே வாய்க்கால். பயிர் நன்றாகத்தான் வந்தது. கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவத்தில் வரம்பில் நின்று பார்த்தவர்கள் எல்லாரும் ஏக்கருக்கு முப்பது மூடை என்று கணக்குச் சொன்னார்கள். கதிர் வெளியே வந்து இரண்டு கிழமை ஆனபோது பக்கத்து வயல்கார அண்ணை வந்து, ஒரு கதிரை உருவி, நெல்லை நகத்தால் நசுக்கிப் பார்த்தார். பால் வரவில்லை.

"தம்பி, உது முழுக்கச் சப்பி. பாரமில்லாட்டி எப்பிடித் தலை குனியும்?"

சப்பி என்றால் மணி பிடிக்காத பதர். வெட்டியபோது ஏக்கருக்குப் பதினாறு மூடை. அவருடைய வயலில் இருபத்தெட்டு. இரண்டு வயலுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு வரம்பு.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். சனி, ஞாயிறும் விடுமுறையும் வயலோடு போகும். அந்தப் பதினாறு மூடை என்னை விடவில்லை. அன்று தொடங்கிய தேடலில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வன்னியில் வயல் செய்கிற ஒருவருக்காவது உதவினால் போதும்.

நெல்லுக்கு வெயில் பிடிக்கும். 25 முதல் 32 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் அது நன்றாக வளரும். முளைக்கிறபோதும், மட்டம் வெடித்துப் பக்கத்தில் தூர் விடுகிறபோதும் வெயில் 35 பாகையைத் தாண்டினால்கூடத் தண்ணீர் இருந்தால் சமாளித்துக்கொள்ளும். சமாளிக்க முடியாத நேரம் ஒன்று உண்டு. அது பூக்கும் நேரம். ஒவ்வொரு நெற்பூவும் வாழ்நாளில் ஒரு தடவைதான் திறக்கிறது. காலை ஒன்பது, பத்து மணிக்கும் மத்தியானத்துக்கும் இடையில், ஏறத்தாழ ஒரு மணி நேரம். அந்த நேரத்துக்குள் மகரந்தப் பை வெடித்து, தூள் விழுந்து, முளைத்து உள்ளே இறங்க வேண்டும். கதிரைச் சுற்றி அப்போது 35 பாகைக்கு மேல் போனால் பை சரியாக வெடிக்காது. விழுகிற தூளும் முளைக்காது. பூ மூடிக்கொள்ளும். வெளியில் இருந்து பார்த்தால் உமி பச்சையாக, ஒரு குறையும் இல்லாமல் நிற்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. ஒரு கதிர் முழுக்கப் பூத்து முடிய ஐந்தாறு நாள். ஒரு வயல் முடிய பத்துப் பன்னிரண்டு நாள். மூன்றரை மாத நெல்லின் விளைச்சலை அந்தச் சில காலைப் பொழுதுகள் தீர்மானித்துவிடுகின்றன.

சரி, வெறும் மூன்று கிழமையில் வன்னி வெயில் அவ்வளவு மாறிவிடுமா? மாறாது. இதுதான் எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது. சித்திரை நடுவில் விதைத்த மூன்றரை மாத நெல் ஆனிக் கடைசியை ஒட்டிப் பூக்கும். நாங்கள் விதைத்தது ஆடியில் பூத்தது. இரண்டு காலத்திலும் பகல் வெயில் ஏறத்தாழ ஒன்றுதான். மாறியிருந்தது தண்ணீர். சிறுபோகத்துக்கு முன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எந்தத் திகதிக்குள் விதைக்க வேண்டும், எப்போது குளத்துத் துருசு (மதகு) பூட்டப்படும் என்று முடிவெடுத்துவிடுவார்கள். அந்தத் திகதிகள் சரியான நேரத்தில் விதைத்தவனுக்காகப் போடப்பட்டவை. எங்கள் பயிர் பூத்தபோது முறைத் தண்ணீர் தள்ளித் தள்ளி வந்தது. வயல் வெடித்திருந்தது. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த சிறுபோகத்தில் பயிர் பூத்த நாட்களில் இரண்டு வெப்பமானிகளைக் கொண்டுபோய், ஒன்றை வரம்பில் மர நிழலிலும் மற்றதைப் பயிருக்கு நடுவில் கதிரின் உயரத்துக்குத் தடி நட்டு, வெயில் படாமல் மறைப்பும் வைத்துக் கட்டினேன். வயலில் நாலு விரற்கடைத் தண்ணீர் நின்றது. காலை பதினொரு மணிக்கு வரம்பில் 34, பயிருக்குள் 31. அந்த மூன்று பாகையைப் பார்த்தபோது முந்திய வருடத்துப் பதினாறு மூடைக்கு என்ன நடந்தது என்று விளங்கியது. பயிர் வியர்க்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோலத்தான். வேருக்குத் தண்ணீர் இருந்தால் உலர்ந்த சோளகம் கதிரைக் குளிர்த்திவிட்டுப் போகும். தண்ணீர் இல்லாவிட்டால் அதே காற்று கதிரை வாட்டிவிடும். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வயல்களில் காற்று மிக உலர்ந்தது. அங்கே அளந்தவர்கள் கதிர் காற்றை விட ஆறேழு பாகை குளிர்ந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். 40 பாகையைத் தொடும் நாட்கள் உள்ள நாட்டில் நெல் விளைவது அப்படித்தான். இதன் மறுபக்கமும் உண்டு: காற்றே அசையாமல் புழுங்குகிற நாள், வெப்பமானி குறைவாகக் காட்டினாலும், பூவுக்குக் கெட்ட நாள். வியர்வை காயாதபோது நமக்கு என்ன செய்யுமோ அதுதான் கதிருக்கும்.

இரவு வெப்பத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் கதைப்பதில்லை. கதைக்க வேண்டும். பிலிப்பைன்ஸில் லொஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் தங்கள் பண்ணையின் 1979 முதல் 2003 வரையான வானிலைப் பதிவுகளையும் 1992 முதல் 2003 வரையான விளைச்சல் பதிவுகளையும் பார்த்து, கோடைப் போகத்தில் இரவு வெப்பம் 1 பாகை கூடினால் விளைச்சல் ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்ததாக 2004இல் எழுதினார்கள். பகல் வெப்பத்தோடு அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை. இரவிலும் பயிர் மூச்சு விடுகிறது. பகலில் சேர்த்த மாச்சத்தில் ஒரு பங்கை எரிக்கிறது. இரவு எவ்வளவு புழுக்கமோ அவ்வளவு எரிக்கும். மாரி மழைக்கு விதைக்கிற காலபோகத்து நெல் தைப் பனியில் பால் பிடிக்கிறபோது இரவு 22 பாகைக்குக் கிட்ட இறங்கியிருக்கும். சிறுபோகத்து இரவுக்கு அந்தக் குளிர் இல்லை. "பனிக்கு முத்தின நெல்லுப் பாரம்" என்று ஐயா சொல்வதை நான் பழக்கத்துக்குச் சொல்லும் பேச்சு என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

இனி மண்.

மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் போகும் வீதியில், உள்ளே ஒரு சிறு குளத்தின் கீழ், அம்மாவின் சீதனக் காணி இரண்டு ஏக்கர் இருக்கிறது. அங்கே காலபோகம் மட்டும்தான். வன்னி நிலம் மெல்லிய அலைபோல ஏறி இறங்கும். மேட்டில் செங்கபில மண். இறங்க இறங்கச் சிவப்பு மங்கும். பள்ளத்தில் சாம்பல் நிறக் களி. பழையவர்கள் பள்ளத்தில் வயலையும் மேட்டில் தோட்டத்தையும் வைத்தது இதைப் பார்த்துத்தான். பிறகு சனம் பெருகி, வயல் மேட்டை நோக்கி ஏறியது. அம்மாவின் காணி அப்படி ஏறிய வயல். பாதி சிவப்பு, பாதி களியும் மணலும் கலந்த இருவாட்டி. மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். இரண்டு நாள் வெயில் எறித்தால் எங்கே போனதென்று தெரியாது. தண்ணீரோடு பசளையும் கீழே போய்விடும். முரசுமோட்டைக் களியில் அதே தண்ணீர் ஒரு கிழமை கிடக்கும். மன்னார்ப் பக்கம் முருங்கனில் உள்ள களி இதற்கும் மேல். காய்ந்தால் கால் போகும் அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் கால் எடுக்க விடாது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குக் களி போனது அங்கிருந்துதான்.

நெல் மற்றப் பயிர்களைப் போல அல்ல என்பதற்கு மண்ணே காரணம். வயலில் தண்ணீர் கட்டிய ஒன்றிரண்டு நாளுக்குள் மண்ணில் இருக்கும் ஒட்சிசன் முடிந்துவிடும். அதன்பிறகு நடப்பது வேறு இரசாயனம். அதை உலகத்துக்கு விளக்கியவர்களில் முதன்மையானவர் இலங்கையில் பிறந்த பீலிக்ஸ் பொன்னம்பெரும. லொஸ் பானோஸில்தான் வேலை செய்தார். புளித்த மண்ணும் காரத்தன்மையான மண்ணும் தண்ணீருக்குள் சில கிழமை கிடந்தால் இரண்டும் நடுநிலையை நோக்கி வந்துவிடுகின்றன என்று அவர் காட்டினார். பூட்டிக் கிடந்த பொசுபரசு வெளியே வரும். களையும் அடங்கும். தண்ணீர் கட்டிய வயல் தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது என்றால் மிகையில்லை. ஆனால் தண்ணீர் நிற்காத சிவப்பு வயலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நனைவதும் காய்வதுமாக மாறி மாறி வருகிறபோது மண்ணில் உள்ள நைதரசன் காற்றோடு போகும், அல்லது வடிந்து போகும்.

அப்படியானால் சிவப்பு மண்ணுக்கு எரு போட்டால் சரிதானே என்று கேட்பீர்கள். சரிதான். எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்பதில்தான் விடயம் இருக்கிறது.

2010இல் நாங்கள், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்து திரும்பி வந்தோம். அம்மாவின் காணிப் பக்கம் கண்ணிவெடி அகற்றி முடிய இன்னும் இரண்டு வருடம் போனது. போய்ப் பார்த்தபோது வயலைக் காணவில்லை. ஆளுயரப் பற்றை, நாயுருவி, எருக்கலை. வெட்டித் துப்புரவாக்கி உழுதபோது மண் கறுப்பாகப் புரண்டது. அந்த முதல் காலபோகத்தில் கையில் காசில்லாமல் மிகக் கொஞ்ச யூரியாதான் எறிந்தோம். அந்தக் காணி அதற்கு முன்பும் பின்பும் தராத விளைச்சலைத் தந்தது. அம்மா நெற்குவியலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டாம் வருடமும் நல்லது. நாலாம், ஐந்தாம் வருடத்தில் மண் திரும்பவும் சிவந்துவிட்டது. பசளை போடப் போட விளைச்சல் ஏறவில்லை.

எங்கள் ஆட்கள் காடு அழித்த மண்ணின் "கன்னி வளம்" போய்விட்டது என்பார்கள். எங்கே போனது? வெயில் தின்றது. நாலு வருடம் விழுந்து உக்கிய இலையும் வேரும்தான் அந்தக் கறுப்பு. அதை உடைத்துத் தின்பவை நுண்ணுயிர்கள். வெப்பம் 10 பாகை கூடினால் அவற்றின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். குளிர்நாட்டு மண்ணில் பல பத்து ஆண்டுகள் கிடக்கிற சேதனப் பொருள் எங்கள் 28, 30 பாகை மண்ணில் சில வருடங்களில் முடிந்துவிடுகிறது. ஆழ உழுது புரட்டிக் காற்றுக்குக் காட்டினால் இன்னும் வேகம். களி மண் அதைக் கொஞ்சம் பொத்திப் பிடித்து வைத்திருக்கும். தண்ணீருக்குள் கிடந்தாலும் உக்கல் மெதுவாகும். சிவப்பு மேட்டு வயலுக்கு இந்த இரண்டு பாதுகாப்பும் இல்லை. எரு அதிகம் தேவைப்படுகிற மண்ணே எருவை வேகமாகத் தின்று முடிக்கிற மண்ணாகவும் இருக்கிறது. வன்னியில் எரு போடுவது பானையில் அரிசி போடுவதைப் போல. நேற்றுப் போட்டது இன்றைக்கு உதவாது.

2021 வைகாசியில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. கார்த்திகையில் தடை நீக்கப்பட்டது. ஆனால் அதற்குள் காலபோகம் விதைத்தாயிற்று. அந்தக் காலத்தில் கூட்டெரு என்று சொல்லி எங்களுக்கு வந்த மூடைகளைத் திறந்தபோது உள்ளே கல், பொலித்தீன் துண்டு, உக்காத உமி, ஈரச் சாணி. மூடைக்குள் கை வைத்தால் சுட்டது. உக்கி முடியாத எரு என்பதற்கு அந்தச் சூடே சாட்சி. வேறு வழியில்லாமல் இரண்டு வயலிலும் போட்டோம்.

சிவப்பு வயலில் பயிர் வெளிறி நின்றது. உக்காத பொருளை உடைக்கிற நுண்ணுயிருக்கும் நைதரசன் வேண்டும். அது பயிரின் பங்கைப் பிடுங்கிக்கொண்டது. ஆனாலும் மார்கழியில் மழை பத்து நாள் விட்டபோது எரு விழுந்த பாத்திகள் வாடாமல் நின்றதைக் கண்டேன். களி வயலில் நடந்தது அதைவிடக் கொடுமை. தண்ணீருக்குள், ஒட்சிசன் இல்லாத இடத்தில், பச்சைச் சாணி புளித்தது. வயலில் இறங்கி மிதித்தால் குமிழி வரும், கூழ்முட்டை நாற்றம். அது ஐதரசன் சல்பைட்டு. பயிரைப் பிடுங்கிப் பார்த்தேன். வெள்ளையும் செம்மஞ்சளுமாக இருக்க வேண்டிய வேர் கரிக்கோடு போலக் கறுத்திருந்தது. ஐயா பார்த்துவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் வாய்க்கடையை வெட்டிவிட்டார். ஐந்து நாள் தண்ணீரை வடித்து மண்ணைக் காயவிட்டோம். புது வேர் வெள்ளையாக விட்டது. பயிர் தப்பியது, மட்டம் வெடிக்க வேண்டிய நாட்கள் தப்பவில்லை.

அந்த வருடம் பலபேர் "சேதனப் பசளை சரிவராது" என்று முடிவுகட்டினார்கள். எனக்கு அந்த முடிவில் இன்றைக்கும் உடன்பாடில்லை. ஒரு மூடை யூரியா 50 கிலோ. அதில் நைதரசன் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைப் பங்குதான் நைதரசன். அதிலும் முதல் போகத்தில் கால்பங்கு கிடைத்தால் பெரிய விடயம். அதாவது ஒரு தொன் எருவில் இருந்து அந்தப் போகத்துக்குக் கிடைப்பது இரண்டரை, மூன்று கிலோ. ஒரேயொரு யூரியா மூடைக்குப் பதில் சொல்ல எட்டு, ஒன்பது தொன் எரு வேண்டும். ஏக்கருக்கு அவ்வளவு எருவுக்கு நாங்கள் எங்கே போவது? ஒரே போகத்தில் யூரியா மூடையின் வேலையை எருவிடம் கேட்டதுதான் பிழை. எருவின் வேலை வேறு. போட்ட பசளையை வேரடியில் பிடித்து வைப்பது, இரண்டு நாளில் ஓடுகிற தண்ணீரை நாலு நாள் நிறுத்துவது, பூக்கிற காலையில் வேருக்கு ஈரம் கொடுப்பது. முதலில் சொன்ன சப்பிக் கதிருக்கும் எருவுக்கும் தொடர்பு இந்த இடத்தில்தான். வெயிலை நாங்கள் குறைக்க முடியாது. அது கதிரில் எப்படி விழுகிறது என்பதை மண்ணில் கிடக்கும் ஈரம் தீர்மானிக்கிறது.

யூரியா பற்றியும் ஒரு சொல். நிற்கிற தண்ணீரில், மத்தியான வெயிலில், சோளகம் அடிக்க எறிந்தால் அது அமோனியாவாக எழும்பிக் காற்றோடு போகும். தண்ணீரை வடித்துச் சேற்றில் பின்னேரம் எறிந்து, அடுத்த நாள் தண்ணீர் கட்டுங்கள். செலவில்லாத வேலை.

எரு எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு விடை ஒவ்வொரு மாசியிலும் எங்கள் கண்முன்னே எரிகிறது. வெட்டும் மெசின் வந்தபிறகு வைக்கோல் வரிசை வரிசையாக வயலில் கிடக்கிறது. ஒரு நெருப்புக்குச்சி போதும். ஏக்கருக்கு இரண்டு தொன் நெல் என்றால் ஏறக்குறைய அதே அளவு வைக்கோலும் உண்டு. அதில் 10 முதல் 16 கிலோ நைதரசனும், 24 முதல் 34 கிலோ பொட்டாசியமும் இருக்கின்றன. பயிர் மண்ணில் இருந்து எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு நெல்லில் இல்லை, வைக்கோலில்தான். நெருப்பு வைத்தால் நைதரசன் ஏறத்தாழ முழுக்கப் புகையோடு போகும். அரை மூடை யூரியாவைக் கொளுத்துவதும் இதுவும் ஒன்றே. முன்பு அறுவடை முடிந்த வயலில் பட்டி மாடு அடைப்பார்கள்; மாடு வைக்கோலைத் தின்று சாணியும் மூத்திரமுமாகத் திருப்பிக் கொடுத்துவிடும். மேய்ச்சல் தரை சுருங்கி, பட்டிகளும் தூரப் போய்விட்டன. அது ஒரு பெரிய இழப்பு. யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். களி வயலில் வைக்கோலை அறுவடையோடு பரப்பிவிட்டு, விதைப்புக்கு மூன்று கிழமைக்கு முன்பே உழுது தாழ்க்கிறோம். புளிப்பதெல்லாம் விதைக்குமுன் புளித்து அடங்கட்டும். அங்கே கூட்டெரு கொண்டுபோவதில்லை. இருக்கிற எரு எல்லாம் அம்மாவின் சிவப்பு வயலுக்கு; அதுவும் இரண்டு ஏக்கருக்கும் தூவாமல், தண்ணீர் முதலில் ஓடுகிற மேற்பாத்திகளுக்கு, ஒவ்வொரு வருடமும். யூரியாவை நிறுத்தவில்லை. மூன்று தடவையாகப் பிரித்து, குறைத்துப் போடுகிறோம். புழுதி விதைப்பை முதல் மழைக்கு முன் முடித்துவிடுகிறோம். உழவு இயந்திரத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பே காசு கட்டிவிடுகிறேன்.

கூட்டெருக் கும்பி அம்மாவின் காணி வேலியோரம், மருதமர நிழலில் இருக்கிறது. ஒரு அடி வைக்கோல், அதன்மேல் வேலிக் கிளிசரியாக் குழை, அதன்மேல் மாட்டெரு, திரும்ப வைக்கோல். வைக்கோலில் ஒரு பங்கு நைதரசனுக்கு அறுபது, எழுபது பங்கு காபன் இருக்கும். குழையும் சாணியும் சேர்ந்தால்தான் அது முப்பதுக்கு இறங்கி உக்கத் தொடங்கும். நடுவில் 60 பாகை வரை ஏறும். அந்தச் சூட்டில், களையாக முளைக்கிற பன்றிநெல்லின் விதையும் செத்துவிடும். கையால் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி சொட்டும் அளவுக்கு ஈரம் வைத்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டுகிறோம்.

உக்கியதா என்று பார்க்க ஐயா ஒரு இரும்பு அலவாங்கைக் கும்பியின் நடுவில் குத்தி விட்டுவிடுவார். நேற்றுப் பின்னேரம் அதை இழுத்து என் கையில் தந்தார். பிடிக்க முடிந்தது, ஆனால் சூடு இருந்தது. ஆவணி பிறந்துவிட்டது, விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது.

"இன்னும் ரெண்டு கிழமை கிடக்கட்டும்" என்று சொல்லி, அலவாங்கை அதே ஓட்டையில் திரும்பக் குத்திவிட்டார்.